எள்ளுத்தாத்தா எந்த ஊர்?

போன வருடம் ஆடி மாதம். காசிமேட்டில் எங்கள் குப்பத்து அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டிலோ ரகளை.

எண்ணூரில் தன்னோடு வேலை பார்க்கும் பையனைக் கட்டிக்கொள்கிறேன் என்றாள் எங்கள் பெண். விம்கோ நகர்க்காரன். தருமபுரிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம், நல்ல மாதிரி. எனக்குப் பிடித்திருந்தது. என் வீட்டுக்காரர்தான் குதித்தார்.

"அஞ்சு தலைமொறையா கடலு நமக்கு. எங்கேர்ந்தோ வந்தவனுக்கு பொண்ண குடுத்துட்டு என் எள்ளுத்தாத்தா மூஞ்சில எப்டி முழிப்பேன்?"

செத்து எத்தனையோ காலமான மனிதரின் மூஞ்சியில் இவர் எங்கே போய் முழிக்கப் போகிறார்? கேட்டேவிட்டேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

கல்யாணமான நாளிலிருந்து நான் கேட்கும் புராணம் இது. எள்ளுத்தாத்தாதான் இந்தக் குப்பத்துக்கே பெரியவராம். அதற்கு அத்தாட்சி ஆடிக் கூழ். பழைய குடும்பத்தார் ஒவ்வொருவரும் வீட்டில் காய்ச்சிய கூழைக் குடத்தில் கொண்டுவந்து கோயில் அண்டாவில் ஊற்றுவார்கள். எங்கள் குடம்தான் கடைசி. அது விழுந்த பிறகுதான் ஊருக்குக் கூழ். பெரிய குடும்பத்துக்காக ஊரே காத்திருக்கிறது என்று மீசையை முறுக்குவார்.

"அவரு பேரு இன்னாப்பா?" என்று ஒரு நாள் பெண் கேட்டாள். இவருக்குத் தெரியவில்லை. ரோஷம் வந்துவிட்டது. ராயபுரம், திருவொற்றியூர் என்று சொந்தக்காரர் வீடெல்லாம் ஏறி இறங்கினார். ஆளுக்கொரு கதை சொன்னார்களே தவிர, ஒருவருக்கும் பெயர் தெரியவில்லை. கடைசியில் எண்ணூரில் இருக்கும் அவருடைய அத்தை மகளிடம் போனோம்.

அவள் வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். "பேரு எனுக்கும் தெரியாது மாமா. ஆனா அவரு ஏது நம்ம ஊரு? தாது வருசப் பஞ்சத்துல எங்கேர்ந்தோ நடந்து வந்தவரு" என்றாள், தலையைக்கூட நிமிர்த்தாமல்.

ராயபுரக் கரையில் பசி மயக்கத்தில் விழுந்து கிடந்தாராம். ஒரு கட்டுமரக்காரரின் மகள் கஞ்சி கொடுத்துப் பிழைக்க வைத்திருக்கிறாள். பிறகு அவரைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றிருக்கிறாள். கடலையே பார்த்திராத ஆளுக்கா என்று ஊரே எதிர்த்திருக்கிறது. அவளைப் பெற்றவர்தான் மனமிரங்கிக் கட்டிக் கொடுத்திருக்கிறார்.

"அப்ப கடைசிக் கொடம்?" என்றார் இவர்.

"வந்த வரிசைல தான மாமா ஊத்துவாங்கோ? எல்லாருக்கும் அப்பால வந்தவரு. அதான் கடைசி. உங்கப்பாவுக்கு இதச் சொன்னா கோவம் வரும். எங்கம்மா மட்டும் என் கைல சொல்லிக்கினே இருக்கும்."

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

வண்டியில் திரும்பினோம். வரிசையாக நின்ற கன்டெய்னர் லாரிகளைத் தாண்டி, திருவொற்றியூரில் டீ குடிக்க நிறுத்தினார். கிளாசைக் கையில் வைத்துக்கொண்டே, "பாவம், எத்தினி நாளு பட்டினியா நடந்து வந்தாரோ" என்றார். கண் கலங்கியிருந்தது. இத்தனை வருடத்தில் எள்ளுத்தாத்தாவைப் பற்றி அவர் பெருமை இல்லாமல் பேசி அன்றுதான் கேட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் பெண்ணைக் கூப்பிட்டார். "அந்தப் பையன வூட்டுக்கு வரச் சொல்லு. மொதல்ல சாப்புடட்டும். அப்பால பேசிக்கலாம்."

தை மாதம் கல்யாணம் நடந்தது. எள்ளுத்தாத்தாவின் பெயரை இவர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார். எனக்கென்னவோ அந்தக் கட்டுமரக்காரரைத்தான் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. அன்று அவர் தன் மகளிடம் முடியாது என்று சொல்லியிருந்தால், இன்று என் வீட்டுக்காரரும் இல்லை, என் பெண்ணும் இல்லை.