அம்மாவின் மூக்குத்தியும் அந்த வெள்ளைக் கோடுகளும்

பிள்ளைகளா, அம்மா மூக்கு ஏன் வெறுமையா இருக்குன்னு போனில் பார்த்துட்டு ரெண்டு பேரும் கேட்டீங்க. அவள் சிரிச்சு மழுப்பிட்டாள். நான் எழுதுகிறேன்.

போன வருசம் அம்மா தலைக்குள் ரத்தக்குழாய் வீங்கி வெடிச்சப்போ, தொடை வழியா டியூப் விட்டு, மெல்லிய கம்பிச் சுருளை வீக்கத்துக்குள் அடைச்சுத்தான் அவளைக் காப்பாத்தினாங்க. திரும்பவும் வீங்கியிருக்கான்னு பார்க்க, இப்போ ராஜபாளையத்தில் ஸ்கேன் எடுத்தோம். உள்ளே போகுமுன் தோடு, தாலி, கொண்டை ஊசி எல்லாம் கழட்டியாச்சு. கல்யாணத்துக்குப் போட்ட மூக்குத்தி மட்டும் திருகு இறுகிக் கழலவில்லை. பரவாயில்லைன்னு அப்படியே ஸ்கேன் எடுத்தாங்க. படத்தில் பார்க்க வேண்டிய இடத்திலிருந்தே நாலாபக்கமும் வெள்ளைக் கோடு. ஒன்றும் தெரியலைன்னு டாக்டர் சொன்னதும், மூக்குத்திதான் காரணம்னு நானே முடிவு பண்ணிட்டேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து நகை ஆசாரியிடம் கூட்டிப் போனேன்.

"என்ன தாயி, கூடவே பொறந்ததுமாதிரி ஒட்டிக்கிட்டுல்ல இருக்கு" என்றார்.

"அப்ப மூக்கோட எடுத்துருங்க ஆசாரி, செலவு மிச்சம்" என்றாள். வெட்டி எடுத்ததும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

மறுபடி ஸ்கேன். மறுபடியும் அதே கோடு.

"மூக்குத்திய எதுக்கு அண்ணாச்சி வெட்டுனிய?" என்றார் ஸ்கேன் எடுக்கிற தம்பி. "உள்ள அடைச்ச கம்பியிலருந்துல்ல கோடு வருது. இந்த ஸ்கேன்ல எத்தன தடவ எடுத்தாலும் இப்படித்தான் வரும்."

"அப்ப கம்பிய எடுத்துட்டுப் பார்க்க முடியாதா தம்பி?"

"எடுத்தா அக்கா இருக்க மாட்டாவ."

திரும்பவும் தொடை வழியா டியூப் விட்டு, மருந்து செலுத்திப் படம் எடுத்தால்தான் தெரியுமாம். மதுரைக்குப் போகணும்.

பஸ்ஸில் அம்மா கேட்டாள். "வீங்கியிருக்கா, இல்லையாங்க?"

"தெரியலட்டி."

"தெரியலன்னா நல்லாருக்குன்னு வச்சுக்கிடுவோம். அந்த டியூப் மட்டும் வேண்டாம்."

எனக்கு அப்படி வச்சுக்கிட முடியலை. அவளைக் காப்பாத்தினதே அவள் நிலைமையை மறைச்சுக்கிட்டு நிக்குது. யாரைக் கோவிக்க? வேண்டாம்னு சொல்கிறவளை எப்படிக் கூட்டிப் போக? நீங்களாவது போனில் சொல்லிப் பாருங்க.

அன்னைக்கு மத்தியானம் அவள் அசந்து தூங்கினாள். நான் படத்தை எடுத்துக்கிட்டுப் பின்வாசலுக்குப் போய் வெயிலில் பிடிச்சேன். அழியாதுன்னு தெரியும். துண்டு நுனியை நனைச்சு, அந்தக் கோடுகளை மெதுவாகத் துடைச்சுப் பார்த்தேன்.