கராஜ் கதவுக்கு முட்டுக்கொடுத்த குண்டு: டெக்சஸில் ஒரு ராணுவப் பொருள் சந்தை

போன ஏப்ரல் கடைசி வாரம் நான் நியூ ஜெர்சியிலிருந்து டெக்சஸ் போனதற்கு இரண்டு காரணங்கள். இர்விங்கில் இருக்கும் என் தங்கை வித்யாவின் மகள் நிலாவுக்கு ஞாயிற்றுக்கிழமை ஏழாவது பிறந்தநாள். அதற்கு முந்தைய நாள், டாலஸுக்குக் கிழக்கே ஒரு சிற்றூரில் துப்பாக்கியும் பழைய ராணுவப் பொருட்களும் விற்கும் சந்தை. இந்த இரண்டில் எதற்காக டிக்கெட் போட்டாய் என்று வித்யா கேட்டபோது சிரித்து மழுப்பிவிட்டேன்.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு: நான் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் இருக்கிறேன், மருந்து கம்பெனியில் வேலை. பழைய ராணுவத் திசைகாட்டிகளைச் சேர்ப்பது என் கிறுக்கு. பதினோரு வருஷத்தில் பத்தொன்பது சேர்ந்திருக்கின்றன. துப்பாக்கி ஒன்றுகூட என்னிடம் கிடையாது, பார்க்கவே பிடிக்காது. ஆனால் நல்ல திசைகாட்டிகள் துப்பாக்கி விற்கிற இடத்தில்தான் கிடைக்கின்றன, என்ன செய்வது? வித்யாவின் கணவர் கார்த்திக்குக்கு இந்த ஆசையைத் தொற்ற வைத்ததும் நான்தான். ஆறு வருஷத்துக்கு முன் விளையாட்டாக ஒரு பழைய சிப்பாய் ஹெல்மெட் வாங்கிக் கொடுத்தேன். இன்று அவர் கராஜில் இரண்டு சுவர் நிறைய அலமாரிகள்.

வெள்ளிக்கிழமை மதியம் 1:40க்கு நூவர்க்கில் விமானம் ஏறி, அங்கே மணி 4:40க்கு டாலஸில் இறங்கினேன். போக வர டிக்கெட் 238 டாலர். விமான நிலையத்திலிருந்து வித்யா வீடு பதினொரு மைல். கார்த்திக் வந்து கூட்டிப்போனார். கராஜ் வழியாகத்தான் வீட்டுக்குள் நுழைந்தோம். கராஜுக்கும் வீட்டுக்கும் நடுவில் உள்ள கதவு தானாகச் சாத்திக்கொள்ளும் என்பதால் அடியில் ஒரு முட்டு வைத்திருந்தார்கள். பச்சை பெயின்ட் அடித்த, வாலில் துடுப்பு வைத்த, ஒரு சாணுக்குக் கொஞ்சம் அதிக நீளமுள்ள, குழாயிலிருந்து ஏவுகிற பழைய மோர்ட்டார் குண்டு. நிலா அதன் மூக்கருகே இரண்டு பொம்மைக் கண்களை ஒட்டி, 'மிஸ்டர் ஃபிஷ்' என்று பெயரும் வைத்திருந்தாள்.

"இது காலிதானே? உள்ள வெடிமருந்து இல்லையே?" என்றேன்.

"காலிதான்க்கா. நாளைக்கு போறோமே, அந்த ஷோல போன வருஷம் வாங்கினேன்" என்றார் கார்த்திக்.

குனிந்து பார்த்தேன். அதற்குள் வித்யா சாப்பிடக் கூப்பிட்டாள்.

சனிக்கிழமை காலை 7:10க்குக் கிளம்பினோம். 92 மைல், ஒரு மணி நேரம் முப்பத்தைந்து நிமிஷம். பார்க்கிங் பத்து டாலர், நுழைவு ஆளுக்குப் பதினாறு, ரொக்கம் மட்டும். வாசலில் ஒரு போலீஸ்காரர், வருகிறவர்கள் விற்கவோ மாற்றவோ கொண்டுவரும் ஒவ்வொரு துப்பாக்கியையும் திறந்து பார்த்து, தோட்டா இல்லை என்று உறுதி செய்து, இயங்காதபடி ப்ளாஸ்டிக் பட்டையால் கட்டிவிடுகிறார். எங்கள் வரிசையில் கையில் எதுவும் இல்லாதவர்கள் நாங்கள் இருவர் மட்டுமே.

உள்ளே பெரிய தகரக் கொட்டகை, முந்நூறு மேசையாவது இருக்கும். பயப்படாமல் போகலாம் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் எந்தப் பக்கம் திரும்பினாலும் யாரோ ஒருவர் துப்பாக்கியைத் தூக்கிக் குறி பார்க்கிறார். அதன் முனை கூட்டத்தின் மேலாக நகர்ந்துபோகும்போது என் தோள் தானாகக் குறுகியது. 'க்ளிக்' என்ற சத்தம் ஓயவே இல்லை. மனிதர்கள் என்னவோ மரியாதையானவர்கள்தான். இடித்துவிட்டால் உடனே மன்னிப்புக் கேட்கிறார்கள், வழி விடுகிறார்கள். இருந்தாலும் ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது, என் கைப்பையின் வார் வியர்வையில் நனைந்திருந்தது.

தோட்டாப் பெட்டிகள் விற்கும் டார்லீன் என்ற பெண்மணியின் மேசைக்கு அடுத்த மேசையில் திசைகாட்டி கிடைத்தது. பித்தளை மூடி, முள் நன்றாக ஆடியது. அந்த மேசைக்காரர் 85 டாலர் சொன்னார், 70க்கு முடித்தேன். டார்லீனுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும், கையெல்லாம் பச்சை குத்தியிருந்தார். "உனக்கு இந்த இடம் பிடிக்கலை, இல்லையா?" என்று சிரித்தார். முகத்திலேயே எழுதியிருந்தது போலிருக்கிறது.

மணி 11:15 இருக்கும். நாலு மேசை தள்ளி, கார்த்திக்குக்குப் பழக்கமான ஒரு வியாபாரியின் முன்னால் கூட்டம் மெதுவாகப் பின்வாங்குவதைப் பார்த்தேன். சாம்பல் தாடிக்காரர் ஒருவர் மட்டும் நகரவில்லை. ராணுவத்தில் குண்டு அகற்றும் பிரிவில் இருந்தவர் என்று பிறகு தெரிந்தது. இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, மேசையில் இருந்த ஒன்றைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது காலி என்று உங்களுக்கு யார் சொன்னது?" என்று வியாபாரியிடம் கேட்டார். குரல் உயரவே இல்லை.

"எஸ்டேட் சேலில், இறந்துபோன ஒருவரின் வீட்டுச் சாமான்களை விற்றபோது வாங்கினேன். அந்தக் குடும்பத்தார் சொன்னார்கள்."

"அதைத் தொடாதீர்கள். மேசையையும் அசைக்காதீர்கள். எல்லோரும் இப்போதே வெளியே போங்கள்."

யாரும் கத்தவில்லை, ஓடவும் இல்லை. இத்தனை ஆயுதத்தோடு வந்த அத்தனை பேரும் வாய் திறக்காமல் வேகமாக நடந்தார்கள். அந்த அமைதிதான் என்னை உலுக்கிவிட்டது. நகர்வதற்கு முன் அந்த மேசையை ஒருமுறை பார்த்தேன். பச்சை பெயின்ட், வாலில் துடுப்பு. கண்கள் மட்டும் இல்லை.

வெளியே புல்வெளியில் கார்த்திக் என் கையைப் பிடித்தார். அவர்கள் கல்யாணமான எட்டு வருஷத்தில் அவர் என் கையைப் பிடித்ததே இல்லை.

"அக்கா, நம்ம வீட்டுல இருக்கறதும் இவர்கிட்ட வாங்கினதுதான். ரெண்டும் ஒரே செட்டுன்னு சொன்னார்."

"வித்யாவுக்கு போன் போடுங்க."

போட்டார். எடுக்கவில்லை. நானும் போட்டேன். மாற்றி மாற்றி ஏழு முறை. பிறந்தநாளுக்காக அன்று கராஜை ஒழித்துச் சுத்தம் பண்ணப்போவதாக வித்யா காலையில் சொல்லியிருந்தாள்.

அவசர உதவி எண் 911க்கு அடித்தோம். நாம் நிற்கிற ஊருக்குத்தான் அது போகும் என்பது அப்போதுதான் உறைத்தது. அங்கிருந்து இர்விங்குக்கு மாற்றிக்கொடுக்க நாலு நிமிஷம் ஆயிற்று. அந்தப் பக்கம் பேசிய பெண் முகவரி வாங்கினார், என்ன நிறம், எவ்வளவு நீளம் என்று கேட்டார். "வீட்டில் யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டபோது கார்த்திக் போனை என்னிடம் நீட்டினார். நான் போனை வாங்கி, "என் தங்கையும் அவள் பெண்ணும்" என்றேன்.

எங்கள் கார் கொட்டகைச் சுவரை ஒட்டி நின்றது. போலீஸ் மஞ்சள் நாடா கட்டிவிட்டார்கள், எடுக்க விடவில்லை. கார்த்திக் அந்தப் போலீஸ்காரரிடம் கெஞ்சுவதைப் பார்த்து டார்லீன் வந்தார். விஷயத்தைக் கேட்டதும் சாவியை எடுத்தார்.

"என் ட்ரக் ரோட்டோரம் நிற்கிறது. நான் எப்படியும் டாலஸ் பக்கம்தான் போகணும்."

கதவைத் திறந்தால் இருக்கைகளுக்கு நடுவே ஒரு கைத்துப்பாக்கி. நான் தயங்கியதைப் பார்த்து, அதை எடுத்துப் பின்னால் ஒரு பெட்டியில் வைத்துப் பூட்டினார். பிறகு 85 மைல் வேகத்தில் ஓட்டினார்.

11:58க்கு வித்யா எடுத்தாள். கார்த்திக் ஸ்பீக்கரில் போட்டார்.

"என்னங்க, இத்தனை மிஸ்ட் கால்? போன் கிச்சன்ல இருந்துச்சு."

"வித்யா, நிலா எங்க?"

"இங்கதான், என்கூட கராஜ்ல. ஏன்?"

"அவள கூட்டிட்டு வெளிய போ. முன் வாசல் வழியா. எதையும் எடுக்காத, எதையும் தொடாத."

"என்ன ஆச்சு? எனக்கு பயமா இருக்கு."

"அந்த டோர்ல வெச்சிருக்கற குண்டு..."

"அதுவா? பெருக்கறதுக்கு வழி விடலன்னு இப்பதான் தூக்கி மேல் ஷெல்ஃப்ல போட்டேன்."

போட்டேன் என்றாள். வைத்தேன் என்று சொல்லவில்லை. கார்த்திக் கண்ணை மூடிக்கொண்டார்.

"வித்யா, அக்கா பேசறேன். நிலாவ தூக்கிக்கோ. நட. போன கட் பண்ணாத" என்றேன். அவள் மூச்சும், நிலா "அம்மா, மை ஷூஸ்!" என்று கத்துவதும் கேட்டது. அப்புறம் கதவுச் சத்தம், வெளிக்காற்று, தூரத்தில் சைரன். டார்லீன் ஒரு கையால் என் முழங்காலைத் தட்டிக்கொடுத்தார். தமிழ் தெரியாதவருக்கும் அது புரிந்திருந்தது.

1:05க்குப் போய்ச் சேர்ந்தோம். தெருமுனையிலேயே போலீஸ் நிறுத்திவிட்டார்கள். ஆறு வீட்டுக்காரர்களை வெளியேற்றியிருந்தார்கள். வித்யா வெறுங்காலோடு யார் வீட்டுப் புல்லிலோ நிலாவை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கார்த்திக் பக்கத்தில் போனதும், "தொடாதீங்க" என்றாள். டார்லீனுக்கு நன்றி சொல்லத் திரும்பினேன். ட்ரக் யூ டர்ன் போட்டு, வந்த வழியே கிழக்கே போய்க்கொண்டிருந்தது. அவருக்கு டாலஸில் ஒரு வேலையும் இருந்திருக்கவில்லை.

குண்டு அகற்றும் பிரிவின் தடித்த உடை போட்ட ஒருவர் வீட்டுக்குள் போனார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. அந்த நேரம் முழுதும் நான் கராஜ் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டாசுகூட வெடிக்காத அந்தத் தெருவில் ஒரு பறவை கத்தினாலும் உடம்பு தூக்கிப்போட்டது.

2:50க்கு ஒரு அதிகாரி வந்தார். எக்ஸ்ரே எடுத்தார்களாம். சந்தையில் இருந்தது வெறும் கூடு என்று அந்த ஊர்ப் போலீஸ் சொல்லிவிட்டார்கள்.

"உங்களுடையது காலி இல்லை. பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோய் அழிக்கிறோம்" என்றார். பிறகு தயங்கி, "அதில் கண்களை ஒட்டியது யார்?" என்று கேட்டார். வித்யா எழுந்து செடி ஓரமாகப் போய் வாந்தி எடுத்தாள்.

அன்று மாலை கார்த்திக் அந்த வியாபாரிக்கு போன் பண்ணிச் சொன்னார். விற்பதற்கு முன் அதை இரண்டு வருஷம் தன் சமையலறை ஜன்னலில் வைத்திருந்ததாக மட்டும் சொன்னாராம். பிறந்தநாளைப் பக்கத்துப் பார்க்குக்கு மாற்றினோம். பதினாலு குழந்தைகள், ஒரு கேக். "வேர் இஸ் மிஸ்டர் ஃபிஷ்?" என்று நிலா இரண்டு முறை கேட்டாள்.

இந்த மாதிரிச் சந்தைக்குப் போகத் திட்டமிடுகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். போகவேண்டாம் என்று சொல்ல மாட்டேன். குண்டு, ஷெல், கையெறி குண்டு மாதிரி எதையும் வாங்காதீர்கள், 'காலி' என்று எழுதி ஒட்டியிருந்தாலும். வீட்டில் ஏற்கனவே இருந்து, சந்தேகம் வந்தால் தூக்கிப் பார்க்காதீர்கள், காரில் ஏற்றிப் போலீஸ் ஸ்டேஷனுக்கும் கொண்டுபோகாதீர்கள். வெளியே வந்து 911ஐக் கூப்பிடுங்கள். வெளியூர் போகும்போது உங்கள் ஊர்ப் போலீஸின் நேரடி எண்ணை போனில் வைத்திருங்கள். காரை வெளியே, ரோட்டோரமாக நிறுத்துங்கள். பொம்மைக் கையெறி குண்டைக்கூட விமானத்தில் கொண்டுவர முடியாது, பெட்டிக்குள் வைத்தாலும் சரி. நியூ ஜெர்சிக்காரர்கள் அங்கே துப்பாக்கி வாங்கும் யோசனையே வேண்டாம், இங்கே சட்டம் வேறு.

இன்னொன்றும் எழுதியாக வேண்டும். வெள்ளிக்கிழமை நான் குனிந்து பார்த்தேன் என்றேனே. காலி செய்த குண்டில் பெரும்பாலும் துளை போட்டிருப்பார்கள். அதில் துளை இல்லை. பதினோரு வருஷமாக இந்த மேசைகளைச் சுற்றுகிற எனக்கு அது கண்ணில் பட்டது. மனசில் ஒரு முள் குத்தியது. ஆனால் சாப்பாடு ஆறுகிறது, கார்த்திக் ஆசையாகக் காட்டுகிறார், அவரைச் சின்னப்படுத்த வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை காலை வித்யாதான் என்னை விமான நிலையத்தில் விடுவதாக இருந்தது. காரில் பெட்டியை ஏற்றிய பிறகு, அங்கேயே டிரைவ்வேயில் நின்று அவளிடம் இதைச் சொன்னேன். அவள் அழுவாள், கத்துவாள் என்று நினைத்தேன். காரிலிருந்து என் பெட்டியை இறக்கினாள்.

"நீ இன்னிக்கு போகல. உள்ள இருக்கற ஒவ்வொண்ணையும் பாத்து எனக்கு சொல்லிட்டு போ."

"போலீஸ் எல்லாத்தையும் செக் பண்ணிட்டாங்கடி."

"நீ சொல்லு."

டிக்கெட்டை மறுநாளுக்கு மாற்ற 164 டாலர். அலமாரியில் மிச்சம் அறுபத்தொரு பொருட்கள் இருந்தன. பெல்ட், ஹெல்மெட், சாப்பாட்டுத் தட்டு, மண்வெட்டி. ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, இது என்ன, உள்ளே என்ன இருக்கும், எனக்கு எது தெரியும், எது தெரியாது என்று சொன்னேன். தெரியாதவை நாலு. அவற்றை வித்யா தனியாக வைத்தாள். கார்த்திக் வாசலில் நின்றார், உள்ளே வரவில்லை. மதியம் மூன்று மணிக்கு மேல் கடைசிப் பொருளை எடுத்தேன், துணி உறை போட்ட ஒரு தண்ணீர்க் குடுவை.

"இது வெறும் பாட்டில். உள்ள ஒண்ணும் இல்ல" என்றேன்.

வித்யா அதை என் கையிலிருந்து வாங்கி, புல்வெளிக்குக் கொண்டுபோய், நிலா உள்ளேதான் இருக்கிறாளா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, கையை முழுதாக நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு மூடியைத் திருகினாள்.