பெஞ்சின்மேல் பறந்த நாள்

"உனக்கு வேற வேலையே இல்லியா? உங்க தாத்தா படக்கதை போட ஆரம்பிச்சதத் தெரிஞ்சிகினு இன்னாடி பண்ணப்போற?" என்று பேத்தியைத் திட்டிவிட்டுத்தான் சொன்னேன்.

அது இரண்டாம் உலகச் சண்டைக் காலம். என் வீட்டுக்காரர் ஆவடி ராணுவ முகாமில் லாரிகளுக்கு நம்பர் எழுதிக்கொண்டிருந்தார். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வீசியெறிந்த படக்கதைப் புத்தகங்களில் ஆட்கள் வானத்தில் பறந்தார்கள். அதைப் பார்த்ததிலிருந்து இவருக்கும் வரையும் பைத்தியம். பட்டணத்துப் பத்திரிகைக்காரர் ஒருவர், "நம்ம ஊர் ஆள் ஒருத்தன் பறக்கிற மாதிரி வரைஞ்சு கொண்டா. பிடிச்சிருந்தா வேலை" என்று சொல்லியிருந்தார்.

நிஜத்தில் பறப்பவனை இவர் எங்கே பார்த்தார்? என்னைப் பெஞ்சின்மேல் குப்புறப் படுக்கவைத்து, கழுத்தில் வேட்டியைக் கட்டிவிட்டார்.

"கைய நீட்டு புள்ள. அசையாத!"

"சீக்கிரம் முடிய்யா, அடுப்புல சோறு குழையுது!"

அக்கம்பக்கத்துப் பெண்கள் வாசலில் நின்று சிரித்தார்கள்.

மறுநாள் பத்திரிகைக்காரர் படத்தை உற்றுப் பார்த்தாராம். மீசை முறுக்கிய வீரன், ஆனால் காலில் மெட்டி! என் காலைப் பார்த்து அப்படியே வரைந்திருக்கிறார் மனுஷன். வேலை போயிற்று என்று நினைத்தவர், "அந்த மெட்டியிலதாங்க அவனுக்குப் பறக்கிற சக்தியே கீது" என்று அடித்துவிட்டாராம்.

"அப்படியா? அப்போ கதையும் நீயே எழுது!" என்று பத்திரிகைக்காரர் வேலையைக் கொடுத்துவிட்டாராம்.

எங்கள் ஊர் திருமுல்லைவாயில் ஸ்டேஷனில் இறங்கி ஓடியே வந்து சொன்னார். நான் பெஞ்சின்மேல் ஏறிக் குதித்தேன்.

என்ன வேலை என்று கேட்ட பெண்களிடம் சொன்னேன்: "எனக்கு மெட்டி போட்ட மனுசன், இப்போ மீச வச்ச ஆம்பளைக்கு மெட்டி போட்டுகினு கீறாரு. அதுக்குச் சம்பளம் வேற!"