தள்ளாத ஸ்க்ரம்

எங்கள் ராஜபாளையம் மில் கபடி அணிக்கு நான்தான் கோச். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களிடம் வரிசையாகத் தோற்றதில் அந்தப் பதவி ஆட்டம் கண்டிருந்தது. அதைக் காப்பாற்ற, பையன்களுக்குத் தள்ளக் கற்றுக்கொடுக்கத்தான் ரக்பி லீக் என்ற வெளிநாட்டுப் பந்தாட்டத்தைப் பிடித்தேன். அதில் ஸ்க்ரம் என்று ஒன்று உண்டு. பக்கத்துக்கு ஆறு பேர் தோள் கோத்துக் குனிந்து, நடுவில் உருட்டிவிடும் பந்துக்காக முட்டித் தள்ளுவார்கள். பழைய வீடியோவில் பார்த்துச் சிலிர்த்திருந்தேன்.

“தள்ளுன்னா என்னன்னு வந்து பாருங்கலே” என்று மொத்த அணியையும் என் வீட்டு டிவி முன்னால் உட்காரவைத்தேன்.

ஓடியது இந்தக் காலத்து ஆட்டம். பன்னிரண்டு தடியர்கள் குனிந்து சாய்ந்ததோடு சரி. பந்தைப் போட்டவன் தன் ஆளின் காலடியிலேயே போட்டான். ஒருவனும் ஓர் அங்குலம் தள்ளவில்லை. கல்யாணப் பந்தி வாசலில் இதைவிட நேர்மையாகத் தள்ளுவார்கள்.

“என்னண்ணே, தள்ளுதாகளா, சாஞ்சு தூங்குதாகளா?” என்றான் எங்கள் ரெய்டர்.

“த்தூ! இதெல்லாம் ஒரு ஆட்டமா?” என்று டிவியை அணைக்கப் போனேன்.

எங்கள் அணியில் கார்னரில் ஆடுகிறவன் என் கையைப் பிடித்தான். “செத்த நேரம் இருங்கண்ணே. பன்னெண்டு பேரும் ஒரே எடத்துல கெடக்காக. அங்கிட்டுப் பாருங்க, கிரவுண்டு எம்புட்டுக் காலியா இருக்கு! தள்ளுததுக்கு இல்லண்ணே, ஓடுதவனுக்கு எடம் விடத்தான் குனியுதாக.”

அவன் சொல்லி முடிப்பதற்குள் ஒருவன் அந்தக் காலியிடத்தில் ஓடிப் புள்ளி எடுத்தான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

அந்தப் பொய்க் குனியல் மேல் எனக்கு இன்னும் அருவருப்புதான். என் மேல் கொஞ்சம் கூடுதலாக. என் கோச் விசில் இப்போது அந்தக் கார்னர்க்காரன் கழுத்தில் தொங்குகிறது.