குக்கர் அக்காவின் பதினைந்து நிமிடம்

எங்கள் அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் குக்கர். நேரில் அக்கா, முதுகுக்குப் பின்னால் குக்கர். அது அவளுக்கும் தெரியும். "விசில் விடலேன்னா வெடிக்கும்டி. வெடிக்கறதுக்கு இது தேவலையில்ல?" என்பாள் என்னிடம். பதினோரு வருடமாக அவளுக்குப் பக்கத்து நாற்காலி நான்.

குடிநீர் அலுவலகத்தின் புகார் பிரிவு எங்களுடையது. காலை எட்டு மணிக்குக் காதில் ஹெட்போனை மாட்டினால் ஊரார் வசவைக் கேட்பதுதான் வேலை. எதிர்முனையில் இருப்பவர் நம் பரம்பரையையே இழுத்துத் திட்டினாலும் குரலை உயர்த்தக் கூடாது. அவர் வைப்பதற்கு முன் நாம் வைக்கக் கூடாது. இத்தனை வருடப் பழக்கம் வீட்டு வாசலில் கழன்று விழுந்துவிடுமா? ஒருநாள் சோறு குழைந்துவிட்டது என்று கணவர் முணுமுணுக்க, அக்கா தன்னை மறந்து, "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது, நாற்பத்தெட்டு மணி நேரத்தில் சரிசெய்யப்படும்" என்றாளாம். மனுஷர் குழைந்த சோற்றையே சாப்பிட்டுவிட்டு எழுந்து போயிருக்கிறார்.

ஒரு மணிக்குச் சாப்பாட்டு இடைவேளை. பத்தே நிமிடத்தில் டப்பாவைக் காலி செய்துவிட்டு, மொட்டை மாடிக்கு ஏறும் படிக்கட்டின் திருப்பத்துக்குப் போய்விடுவாள். உடைந்த நாற்காலிகளைக் கொண்டுபோய்ப் போடுகிற இடம் அது. அங்கே நின்று பதினைந்து நிமிடம் விசிலடிப்பாள். பாட்டெல்லாம் கிடையாது. காலையில் வந்த அழைப்புகள்தான். அதட்டிய ஆளுக்கு ஒரு மாதிரி, மூன்று நாளாகத் தண்ணீர் வராமல் அழுத பெண்ணுக்கு வேறு மாதிரி. இறங்கி வரும்போது நன்றாகத் தூங்கி எழுந்தவள் போல இருப்பாள். நானோ ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தேன். எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

இந்த விசிலுக்காக அவள் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சமல்ல. ஒன்பது வயதில், முன்பல் விழுந்த சந்து வழியாகப் பழகினாள். அம்மா வாயிலேயே ஒன்று போட்டார். கல்யாணமான புதிதில் மாமியார், "பொம்பளை விசிலடிச்சா அக்கம்பக்கத்துல என்ன நினைப்பாங்க?" என்று குதித்தார்.

"சரி அத்தை, நிறுத்திடறேன்" என்றாள். சொன்னபடியே நிறுத்தினாள். ஆனால் அலுவலகத்தில் அடக்கிய கோபமெல்லாம் வீட்டில் வந்து இறங்கியது. பாத்திரங்கள் உருண்டன, கதவுகள் படார் படாரென்று சாத்திக்கொண்டன. ஒன்பதாம் நாள் மாமியாரே மாடிக் கதவைத் திறந்துவிட்டு, "போம்மா, போய் விசிலடிச்சிட்டு வா. எங்களால தாங்க முடியல" என்றாராம்.

மாமியார் ஒன்பது நாளில் புரிந்துகொண்டது எங்கள் புது மேலாளருக்குக் கடைசிவரை புரியவில்லை. ஊழியர்களின் மன அழுத்தத்தைக் குறைத்தே தீருவது என்று அவர் கங்கணம் கட்டிக்கொண்டு வந்தார். எப்படிக் குறைப்பது? எங்கள் சாப்பாட்டு இடைவேளையைப் பிடுங்கித்தான். ஒரு மணிக்கு மனஅமைதி வகுப்பு, எல்லோரும் வர வேண்டும், வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். நிம்மதியாக இருந்தேன் என்பதற்கும் கையெழுத்து!

முதல் நாள் பாய் விரித்து உட்கார்ந்தோம். பயிற்சியாளர் தாலாட்டுகிற குரலில், "கண்ணை மூடுங்க... மூச்சை நல்லா இழுங்க... இப்ப மெதுவா வாய் வழியா விடுங்க" என்றார். இருபது பேர் புஸ்ஸென்று விட்டோம். அக்காவின் உதடு மட்டும் பழக்கத்தில் தானாகக் குவிந்துவிட்டது. கணீரென்று ஒரு விசில், நீளமாக. கூடமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது, பயிற்சியாளர் உட்பட. மேலாளர் மட்டும் சிரிக்கவில்லை.

மறுநாள் அவளைக் கூப்பிட்டார். ஒரு கோப்பில் கையெழுத்து வாங்கப் போன நானும் அங்கேதான் நின்றேன்.

"படிக்கட்டுல விசிலடிக்கறதும் நீங்கதானா? நல்லாத்தான் இருக்கு. அதை ஏன் வீணாக்கறீங்க? ஆண்டு விழாவுல மேடையேறி அடிங்க. மேற்பார்வையாளர் பதவிக்கு உங்க பேருதான் முதல்ல இருக்கு, அதுக்கும் நல்லது. ஆனா படிக்கட்டு வேண்டாம். ஒரு மணிக்கு வகுப்புக்கு வந்துடுங்க."

"மேடையும் வேணாம் சார், வகுப்பும் வேணாம்."

"ஏன்?"

"காலையிலேர்ந்து அடுத்தவங்களுக்காகத்தான் சார் வாயைத் திறக்கறேன். இது யாரும் கேக்கறதுக்காக இல்ல."

"அப்ப பதவி?"

"யாருக்குக் குடுக்கணுமோ குடுத்துக்கங்க."

எனக்குக் கொடுத்தார். வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. சந்தோஷம்தான் ஒரு படி கூட. "அக்கா, அது உங்க இடம்..." என்று இழுத்தேன். "என் இடம் படிக்கட்டுலதான்டி இருக்கு. நீ போய் ஒக்காரு" என்று சிரித்தாள்.

உட்கார்ந்த முதல் வாரமே மேலாளர் என் கையில் ஒரு தாளைக் கொடுத்தார். அலுவலக வளாகத்தில் விசிலடிப்பதாக அக்கா மீது புகார். மாலைக்குள் விளக்கம் எழுதித் தர வேண்டும், இனி அடிக்க மாட்டேன் என்றும் உறுதி தர வேண்டும். இல்லையென்றால் ஊர்க்கோடியில் இருக்கும் கிளைக்கு மாற்றல்.

தாளை எடுத்துக்கொண்டு படியேறினேன். அவள் விசிலடித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தச் சொல்ல வாய் வரவில்லை. முடிகிறவரை நின்றேன். வாங்கிப் படித்துவிட்டு, கால் உடைந்த நாற்காலி ஒன்றில் தாளை வைத்து ஒரே வரி எழுதி நீட்டினாள்.

"மீட்டருக்கு உட்புறம். அலுவலகப் பொறுப்பில் வராது."

எங்கள் தொழிலில் தினமும் எழுதுகிற வரி அது. தெருக் குழாயிலிருந்து வீட்டு மீட்டர் வரைதான் அலுவலகத்தின் பொறுப்பு. மீட்டரைத் தாண்டினால் சொட்டினாலும் உடைந்தாலும் வீட்டுக்காரர் பாடு, நாங்கள் தலையிட மாட்டோம். இந்த வரியை எழுதி, மேற்பார்வையாளர் கீழே கையெழுத்துப் போட்டால் புகார் முடிந்தது.

"அக்கா, இதைப் பார்த்தா உங்களைத் தூக்கிக் கோடியில போட்டுடுவாரு."

"போடட்டும். பயந்துக்கிட்டு மூச்சு விடறதுக்குப் பேரு மூச்சா?"

எனக்குச் சுருக்கென்றது. பதினோரு வருடம் இவள் பக்கத்தில் உட்கார்ந்து மாத்திரை விழுங்கியதைத் தவிர நான் என்ன செய்தேன்? பேனாவை அவள் கையிலிருந்து பிடுங்கிக் கையெழுத்துப் போட்டேன். போட்ட வேகத்தில் என் பெயரே கோணல்மாணலாகப் போயிற்று.

மேலாளர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"கீழ இருக்கறது உங்க கையெழுத்தா?"

"ஆமா சார்."

"நல்லா யோசிச்சுத்தான் போட்டீங்களா?"

"யோசிச்சிருந்தா போட்டிருக்க மாட்டேன் சார்" என்றேன்.