கல்லுக்கு இந்தப் பக்கம் நில்லுங்க

ஊர் சுற்றிக் காட்டும் தொழிலில் ஊரைக் காட்டுவது சுலபம், வந்தவர்களிடமிருந்து ஊரைக் காப்பாற்றுவதுதான் பெரும்பாடு. கல்யாணத்தில் சம்பந்தி வீட்டாரை உபசரித்தவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகளைச் சுற்றுலாவுக்கு ஓட்டிக்கொண்டு போன டீச்சர்கள், நண்பர்களை மாமியார் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிப் போனவர்கள் எல்லோரும் என் இனம். உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

எனக்குச் சொந்த ஊர் நீலகிரியில் ஜெகதளா. குன்னூரில் டீ ஏலம் எடுக்கும் ஒரு கம்பெனி ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கழுத்து வலி வாங்கியது போதும் என்று, ஹோம்ஸ்டேக்காரர்களுக்குக் கைடாகிவிட்டேன். பூங்கா, படகு எல்லாம் பார்த்து அலுத்தவர்களை வேனில் ஏற்றி, ஊட்டிக்கு அந்தப் பக்கம் புல்வெளியில் இருக்கும் ஒரு மந்துக்குக் கூட்டிப் போவேன். மந்து என்றால் தோடர்களின் குடியிருப்பு. அங்கே சில வீடுகள், ஒரு எருமைப் பட்டி, கொஞ்சம் தள்ளி மாட்டுவண்டிக் கூண்டு மாதிரி வளைந்த கூரையோடு ஒரு கோயில். கோயிலைச் சுற்றித் தரையில் கற்கள் நட்டிருக்கும். அந்தக் கற்களைத் தாண்டி வெளியாட்கள் போகக் கூடாது. பெண்கள், அவர்கள் வீட்டுப் பெண்களே ஆனாலும், போகக் கூடாது.

போன வருஷம் வேறு யாரோ கூட்டி வந்த ஒருவர் கோயில் சுவரிலேயே சாய்ந்துகொண்டு செல்ஃபி எடுத்துவிட்டார். அதோடு இனி யாருமே வர வேண்டாம் என்று மந்தில் முடிவாகிவிட்டது. வீட்டு வாசலில் பூத்துக்குளி, அதாவது பூவேலை செய்த அவர்களுடைய போர்வை, விற்கிற சுனிதாக்காதான் கெஞ்சிக் கூத்தாடி அவருடைய கணவரின் அண்ணனிடம் ஒரே ஒரு சீசன் தவணை வாங்கினார். இந்த சீசனில் ஒரு கால் கல்லைத் தாண்டினாலும் வாசல் அடைக்கப்படும், எனக்கும் சுனிதாக்காவின் வியாபாரத்துக்கும் சேர்த்து. அந்தப் பெரியவர் அதிகம் பேச மாட்டார். பட்டி ஓரமாக நின்று வருகிறவர்களின் முகத்தைப் பார்க்க மாட்டார், காலைத்தான் பார்ப்பார். நானும் அந்த சீசன் முழுக்க வந்தவர்கள் கால்களைப் பார்த்தே கழித்தேன்.

விளம்பர இடைவேளை

சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பம் வேனை விட்டு இறங்கியதுமே முகம் சுருங்கிவிட்டது. ஓட்டு வீடு, டிஷ் ஆன்டெனா, கொடியில் காயும் யூனிஃபார்ம். இதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று அந்த வீட்டம்மா என்னை முறைத்தார். வாசலில் ஸ்வெட்டரும் நைட்டியுமாக நின்றிருந்த சுனிதாக்காவிடம் போய், மெதுவாக, யார் காதிலாவது விழுந்துவிடப் போகிறது என்பது போல, ஆதிவாசிகள் எல்லாம் எங்கே இருக்கிறார்கள், எப்போது வருவார்கள் என்று விசாரித்தார்.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சுனிதாக்கா கொஞ்சம்கூட அசரவில்லை. வீட்டுக்குள் டிவி அலறிக்கொண்டிருந்த பக்கமாகக் கையைக் காட்டிச் சொன்னார்: "எங்க மாமியார் உள்ள சீரியல் பார்க்கறாங்க. விளம்பரம் போட்டதும் ஆதிவாசி வெளிய வரும், உட்காருங்க."

இளவட்டக் கல்

மந்தின் ஓரத்தில் உருண்டையாக ஒரு பெரிய கல் கிடக்கிறது. அந்தக் காலத்தில் அதைத் தோள் வரைக்கும் தூக்கிக் காட்டிய பையனுக்குத்தான் பெண் கொடுப்பார்களாம். நம் பக்கத்து இளவட்டக் கல்லேதான். இதை நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல் திருப்பூர்க்காரர் ஒருவரிடம் சொல்லிவிட்டேன். ஜிம்முக்குப் போகிற உடம்பு. கைக்கடிகாரத்தைக் கழற்றி மனைவியிடம் கொடுத்தார், சட்டைக் கையை மடித்துவிட்டார், வீடியோ எடுக்கச் சொன்னார். கல் முழங்காலைக்கூட எட்டிப் பார்க்கவில்லை. மூச்சைப் பிடித்து இன்னொரு தரம் தம் கட்டியதில் பேன்ட்தான் எங்கேயோ பிரிந்த சத்தம் கேட்டது.

பெரியவர்கூடப் பட்டியிலிருந்து எட்டிப் பார்த்தார். கல் வழுக்குகிறது, குளிரில் கை மரத்துவிட்டது, காலையில் சரியாகச் சாப்பிடவில்லை என்று திருப்பூர்க்காரர் காரணம் அடுக்கிக்கொண்டிருக்க, அவர் மனைவி வீடியோவை நிறுத்தாமலேயே என்னிடம் சொன்னார்: "கண்ணாலத்துக்கு முந்தி எங்கப்பாவும் இப்படி ஒரு கல்லக் குடுத்துப் பாத்திருக்கோணுமுங்க."

ஆகாயத்துக்கு வேலி

ஒரு பெங்களூர் கம்ப்யூட்டர்காரப் பையன் ட்ரோன் கொண்டு வந்திருந்தான். கோயிலுக்கு மேலே பறக்கவிட்டு ஒரு ஷாட், ஒன்றே ஒன்று என்றான். எருமை மிரளும், பெரியவர் மிரள மாட்டார், என்னை மிரட்டுவார் என்று சொல்லி, அதன் பேட்டரியைப் பிடுங்கி என் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டேன். அவன் கோபப்படவில்லை. கற்களையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நிஜமான சந்தேகத்தோடு கேட்டான்: "மேலயும் கல் நட்டிருக்காங்களா மேடம்?"

எதிர்க் கேள்வி

கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு தம்பதி, படித்தவர்கள், மரியாதையானவர்கள். பிறந்தால் என்ன சடங்கு, பெயர் வைப்பது யார், கல்யாணத்தில் வில்லும் அம்பும் எதற்கு என்று வரிசையாகக் கேட்டார்கள். சுனிதாக்கா ஊசியைக் கீழே வைக்காமல் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். கர்ப்பமான பெண்ணுக்குப் புல்லாலும் குச்சியாலும் செய்த வில் அம்பைப் புருஷன் கொடுத்தால்தான் பிள்ளைக்கு அப்பன் இவன் என்று ஊர் ஒத்துக்கொள்ளும், எங்கள் கல்யாணமே அதுதான் என்றார். அந்த அம்மாள் மெய்சிலிர்த்துப் போனார்.

பிறகு சுனிதாக்கா தன் பங்குக்கு, உங்கள் வீட்டில் கடைசியாக யாருக்குக் கல்யாணம், என்னென்ன செய்தீர்கள் என்று கேட்டார். பெண்ணுக்குத்தான், போன தை மாதம் என்று அந்த அம்மாள் உற்சாகமாக ஆரம்பித்தார். ஒரு நாள் மெஹந்தி, ஒரு நாள் ஹல்தி, ஒரு நாள் சங்கீத், டான்ஸ் சொல்லித்தர மும்பையிலிருந்து ஆள். அதெல்லாம் உங்கள் வழக்கமா என்று சுனிதாக்கா கேட்க, இல்லை, இப்போது எல்லோரும் செய்கிறார்கள் என்றார் கணவர். உங்கள் வழக்கத்தில் என்ன செய்வீர்கள் என்றதும் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அது மண்டபத்துக்காரருக்குத்தான் தெரியும் என்றார் கணவர். சுனிதாக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுக் கேட்டார்: "அப்ப உங்க வழக்கத்தைப் பார்க்கணும்னா நாங்க எங்கங்க வரணும்?"

ஈரோட்டு அம்மா

சீசன் முடியப் போகிற நேரம். ஒரு காலும் தாண்டவில்லை. கரை சேர்ந்துவிட்டோம் என்று நானும் சுனிதாக்காவும் கொஞ்சம் மூச்சு விட ஆரம்பித்திருந்தோம். அப்போதுதான் ஈரோட்டிலிருந்து ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் தன் அம்மாவோடு வந்தார். அந்த அம்மா தங்கமான மனுஷி. வேனில் நான் சொன்ன ஒவ்வொன்றுக்கும் "சரிங் கண்ணு" என்று தலையாட்டினார். ஆகவே அவரை விட்டுவிட்டு, போனும் கையுமாக அலைந்த மகனையே கண்காணித்துக்கொண்டிருந்தேன். அதுதான் என் கணக்கில் விழுந்த ஓட்டை.

கற்பூர வாசனை வந்ததும் திரும்பிப் பார்த்தேன். அந்த அம்மா கல்லைத் தாண்டவில்லை. செருப்பைத் தூரத்திலேயே கழற்றிவிட்டு, எல்லைக் கல் ஒன்றுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, உச்சியில் ஒரு காட்டுப் பூவையும் சூட்டி, இலை மேல் கற்பூரம் கொளுத்தி, கைகளைத் தலைக்கு மேல் தூக்கி நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தார். தாண்டாதே என்று நட்டு வைத்த கல் ஒரு நொடியில் சாமியாகிவிட்டது.

பட்டியிலிருந்து பெரியவர் வேகமாக வந்தார். சுனிதாக்கா மடித்துக்கொண்டிருந்த போர்வையை அப்படியே போட்டுவிட்டார். போச்சு, எல்லாம் போச்சு என்றுதான் நினைத்தேன். இது என்ன என்று பெரியவர் கேட்டார். உள்ளே போகக் கூடாது என்று இந்தப் பெண் சொன்னாள், கோயிலைப் பார்த்துவிட்டுச் சும்மா போக மனசு கேட்கவில்லை, அதனால் வாசலோடு கும்பிட்டுக்கொண்டேன் என்றார் அந்த அம்மா. எங்கள் முகங்களைப் பார்த்ததும்தான் அவருக்குத் தப்பு நடந்துவிட்டது புரிந்தது. மன்னித்துக்கொள்ளுங்கள் சாமி என்று சட்டென்று பெரியவர் காலில் விழுந்தார்.

தோடர் வீடுகளில் பெண்கள் பெரியவர்களை வணங்கும்போது, அந்தப் பெரியவர்கள் தங்கள் பாதத்தைத் தூக்கி, வணங்குகிறவரின் நெற்றியில் படும்படி வைப்பார்கள். அதுதான் அவர்களுடைய ஆசீர்வாதம். வருஷக்கணக்கான பழக்கம், பெரியவரின் வலது கால் தானாக மேலே போய்விட்டது. தூரத்திலிருந்த மகனின் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் தன் அம்மாவின் தலையில் யாரோ கால் வைப்பதுதான். சட்டைக் கையை மடித்துக்கொண்டு கத்தியபடி ஓடி வந்தார். நான் நடுவில் புகுந்து இவரிடம் அவர் வழக்கத்தையும் அவரிடம் இவர் கோபத்தையும் விளக்கினேன். யாரும் என் பேச்சைக் காதில் வாங்கவில்லை.

அந்த அம்மா மெல்ல எழுந்து, மகனை ஒரு பார்வை பார்த்தார். "பெருமாள் கோயில்ல சடாரி வெச்சா குனிஞ்சு வாங்கிக்கறீல்ல? அது யாரு பாதமாம்? பேசாம நீயும் வந்து குனி."

மகன் மடித்த கையை அவிழ்த்துவிட்டுக்கொண்டார். சடாரி என்றால் என்ன என்று பெரியவர் என்னிடம் கேட்டார். சாமியின் பாதம் பதித்த கிரீடம், அதைத் தலையில் வைத்து எடுப்பார்கள், எங்களுக்கு அதுதான் ஆசீர்வாதம் என்றேன். அவர் பல் தெரியச் சிரித்தார். அவருக்குப் பல் இருப்பதையே அன்றைக்குத்தான் பார்த்தேன். குங்குமத்தைத் துடைக்கக் குனிந்த சுனிதாக்காவை வேண்டாம் என்று தடுத்து, மழை பார்த்துக்கொள்ளும் என்றார்.

தீர்ப்பு என்ன என்று தெரியாமலே எல்லோரையும் வேனில் ஏற்றிவிட்டுக் கதவைச் சாத்தப் போகும்போது பெரியவர் பக்கத்தில் வந்து நின்றார். "அடுத்த சீசன்ல வர்றவங்ககிட்ட, கல்லைத் தாண்டாதீங்கன்னு மட்டும் சொன்னா பத்தாதும்மா. கல்லைக் கும்பிடாதீங்கன்னும் சேர்த்துச் சொல்லு."

தோடர்களைப் பற்றி எனக்கு இன்னும் பாதிகூடத் தெரியாது, ஆனால் அவர்களைப் பார்க்க வருகிறவர்களை வைத்து நானே தனியாக ஒரு மந்து கட்டி டிக்கெட் போட்டுக் காட்டலாம்.