நடுங்காத கை

தோக்பாவோடு கைகுலுக்கினால் கடைசியில் விழும் விரல் சொடுக்கு அடுத்த தெருவரைக்கும் கேட்கும். லைபீரியாவில் சொடுக்கில்லாத கைகுலுக்கல் உப்பில்லாத சாப்பாடு. பங்கா ஊர்ச் சந்தையில் பனங்கள் விற்ற அந்த மனிதர் வாயைத் திறந்தால் சந்தையே சிரிக்கும். போன வருஷம் அந்தச் சொடுக்கு ஓய்ந்தது, சிரிப்பும் ஓய்ந்தது. "ஆளுக்குத் தலைக்கனம் ஏறிடுச்சு" என்றார்கள் ஊரார். அவர்களுக்குப் பேச ஏதாவது வேண்டுமே.

மனைவி கார்மாய் மட்டும் வேறு சிலதைக் கவனித்தாள். நடக்கும்போது அவருடைய வலது கை வீசாமல் உடம்போடு ஒட்டிக் கிடந்தது. அடுப்பில் மீன் கருகி வீடே புகைந்தாலும் அவருக்கு வாசனை தெரியவில்லை. சட்டைப் பொத்தானோடு வெகுநேரம் மல்லுக்கட்டினார். கார்மாய் அவரைக் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனாள். நர்ஸ் லோர்பு மணிக்கட்டை மடக்கிப் பார்த்தாள், நடக்கவிட்டுப் பார்த்தாள்.

"நடுக்குவாதம் மாதிரி இருக்குக்கா. கை நடுங்கினாத்தான் அந்த நோய்னு இல்ல, சிலருக்கு மூஞ்சி இறுகும், குரல் கம்மும். மன்ரோவியாவுல பெரிய டாக்டர்கிட்ட காட்டுங்க. மருந்து இருக்கு."

அங்கே போவதற்குள் தோக்பாவின் அண்ணன் கெர்குலா செத்துப்போனார்.

சவத்தின் முன்னால் ஊரே மார்பில் அடித்துக்கொண்டு அழுதது. தோக்பா மட்டும் இமைகூடக் கொட்டாமல் நின்றார். அவரைத் தூக்கி வளர்த்த அண்ணன் அது. அடக்கம் முடிந்த கையோடு அண்ணன் மகன் முல்பா ஊர்க்கொட்டகையில் கூட்டம் கூட்டிவிட்டான். தோக்பா சூனியக்காரன் என்று முடிவானால் ஊரைவிட்டுத் துரத்துவார்கள். துரத்துவதோடு விட்டால் பிழைத்த மாதிரிதான்.

"கூடப் பிறந்தவர் பொணமா கிடந்தாரு, இவர் மூஞ்சியில ஒரு சுருக்கம்கூட இல்ல. எங்கப்பாவைத் தின்னது இந்த மனுஷன்தான்," என்றான் முல்பா.

கார்மாய் எழுந்தாள். "அது நோய்ப்பா. நடுக்குவாதம்னு நர்ஸ் சொன்னா. அதுல மூஞ்சி அசையாது."

"நடுக்குவாதமா? அப்ப கை நடுங்கணுமே சித்தி. சித்தப்பா, நீட்டுங்க பார்ப்போம்."

தோக்பா மெல்லக் கையை நீட்டினார். அது பலகை மாதிரி நின்றது. கட்டிய புருஷனின் கை நடுங்கிவிடக் கூடாதா என்று கார்மாய் கடவுளை வேண்டினாள். நடுங்கவில்லை. "எல்லாருக்கும் நடுங்காதாம்" என்று அவள் சொன்னது சிரிப்பில் அமுங்கிப்போனது. அந்தச் சிரிப்பை நினைத்தால் அவளுக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. பின்வரிசையில் இரண்டு பேர் கட்டையைக் கையில் எடுத்தார்கள்.

ஊர்த்தலைவர் கூட்டத்தைக் கையமர்த்தினார். "தோக்பா, நீயே சொல்லுப்பா. உங்க அண்ணனுக்காக ஏன் அழல?"

தோக்பாவின் உதடுகள் அசைந்தன. ஒருவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை.

"மந்திரம் சொல்றான்யா," என்றது பின்வரிசை.

கார்மாய் அவர் வாயருகே காதைக் கொண்டுபோனாள்.

"என்ன கேள்வி இது?" என்றார் அவர். "அழுதுகிட்டுத்தானே இருக்கேன்."